பாட வரலாறும் வாயிற் சாவியும்: ‘கிட்’ முறை பற்றியதொரு திறனாய்வு

1. தோற்றுவாய்

ஒரு நூலின் பாடம் காலந்தோறும் கைதோறும் வேறுபடும் என்பது சுவடி ஆராய்வார் அனைவரும் அறிந்ததே. ஏடெழுதுவோன் ஓரெழுத்தை மயங்கி எழுதுவான். அவனுக்குப் பின்வந்தோன் அதனைத் திருத்தக் கருதி மற்றொன்றாக்குவான். இவ்விரண்டிற்கும் முற்பட்ட மூல ஏடோ செல்லரித்து மறையும். எஞ்சிய பிரதிகளை ஒப்புநோக்கி, எப்பாடம் எப்பாடத்தினின்று பிறந்தது என உய்த்துணர்தலே பதிப்பாசிரியரின் பெரும்பணியாயிற்று. உ. வே. சாமிநாதையர் தாம் ஒப்புநோக்கிய பிரதிகளையும் அவற்றை உதவினோர் பெயர்களையும் தம் பதிப்புகளின் முகவுரைகளிற் குறித்துச் சென்றமை இப்பணியின் அருமையை நன்குணர்ந்ததனாலேயாம்.

இன்று ஏட்டின் இடத்தைக் கணினிக் கோப்பு பெற்றுள்ளது. ஆயினும் பழைய இடர் நீங்கிற்றில்லை. ஓர் ஆராய்ச்சியாளர் தம் கட்டுரைக்கு ‘இறுதி’ எனப் பெயரிட்டுக் கோப்பொன்றை வைக்கின்றார். மறுநாள் ‘இறுதித் திருத்தம்’ என்றொன்று தோன்றுகின்றது. மூன்றாம் நாள் ‘மெய்யான இறுதி’ பிறக்கின்றது. இம்மூன்றனுள் எது எதற்கு முற்பட்டது, எதன்கண் யார் எதனை மாற்றினார் என்பதை ஓராண்டு கழித்து அவரே அறியார். ஓலையில் அடித்தலும் திருத்தலும் கண்ணுக்குப் புலனாகும். கோப்பிலோ நேற்றைய சொல் இன்றைய சொல்லின் அடியிற் சுவடின்றி அழிகின்றது.

இவ்விடரை நீக்கக் கணினித் துறையார் கண்ட முறையை ‘வெர்ஷன் கண்ட்ரோல்’ என வழங்குவர். ‘பதிப்பு’ என்னுஞ் சொல் நம்மிடையே அச்சிட்டு வெளியிடுதலைக் குறித்து நிலைபெற்றமையின், இதனைத் ‘திருத்தக் கட்டுப்பாடு’ என்றலே பொருந்தும். இம்முறையிற் புதிதாகப் புகுவார்க்கு எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இரண்டு செயல்களை அடுத்தடுத்துக் கற்பிக்கின்றன. ஒன்று, திருத்த வரலாற்றைப் பதிந்து வைத்தல். மற்றொன்று, கடவுச்சொல் இன்றிச் சாவி கொண்டு தொலைக் களஞ்சியத்துட் புகுதல். இரண்டும் ஒரே மூச்சிற் கற்பிக்கப்படுதலின், சாவி உடையோனே பதிவின் ஆசிரியன் என்பதோர் மயக்கம் கற்போர் உள்ளத்தே வேரூன்றுகின்றது. இம்முறையின் நலங்களைக் காட்டி, அம்மயக்கத்தைக் களைதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

2. முறையின் வரலாறு

திருத்தக் கட்டுப்பாடு நிரல் எழுதுவோரின் தேவையாற் பிறந்தது. 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்டு என்பார் ‘எஸ்.சி.சி.எஸ்.’ என்னும் முறையை இயற்றினார். 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்டர் டிச்சி ‘ஆர்.சி.எஸ்.’ முறையை அமைத்தார். இவை தனித்தனிக் கோப்பின் வரலாற்றையே காத்தன. 1986 இல் டிக் குரூன் தொடங்கிய ‘சி.வி.எஸ்.’ முறையும், 2000 இல் தொடங்கப்பெற்ற ‘சப்வெர்ஷன்’ முறையும் பலர் கூடி உழைத்தற்கு வழி செய்தன. எனினும் இவ்விரண்டினும் வரலாறு முழுவதும் ஒரே நடுவிடத்தில் இருந்தது. உழைப்போர் கையில் இருந்தது அன்றைய படி மட்டுமே.

லினக்ஸ் கருவகத்தை எழுதுவோர் 2002 முதல் ‘பிட்கீப்பர்’ என்னும் வணிகக் கருவியை விலையின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005 ஆம் ஆண்டில் அவ்விசைவு நீங்கவே, லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் திங்களிற் புதியதொரு கருவியைத் தாமே இயற்றினார். அதுவே ‘கிட்’. அவ்வாண்டு ஜூலை முதல் அதனைப் பேணும் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் உள்ளது. இதன்கண் களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவரும், இயல்பாகவே அதன் வரலாறு முழுவதையும் ஒருங்கு பெறுகின்றனர். ஒரு மடத்துச் சுவடி எரிந்துபடின் நூலே மறையும் நிலைக்கும், ஊர்தோறும் முழுப்படி இருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடே முன்னைய முறைகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு என்க.

3. பதிவின் அமைப்பு

கிட் முறையிற் புகுவார் முதற்கண் அறியவேண்டுவது மூவகை இடமாம். எழுதுவோன் கைப்பட மாற்றும் கோப்புகள் இருப்பது பணியிடம். மாற்றங்களுள் பதிதற்குரியவற்றைத் தெரிந்து வைப்பது ஆயத்த இடம். பதிந்தவை நிலைபெறுவது களஞ்சியம். ‘கிட் இனிட்’ என்னும் ஆணை களஞ்சியத்தைத் தோற்றுவிக்கும். ‘கிட் ஆட்’ மாற்றத்தை ஆயத்த இடத்திற்குக் கொணரும். ‘கிட் கமிட்’ அதனை வரலாற்றிற் பதியும். இம்மூன்றும் தம் கணினிக்குள்ளேயே நிகழ்வன. வலையிணைப்பு வேண்டா என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒவ்வொரு பதிவும் அக்காலத்துக் கோப்புத் தொகுதியின் முழு நிலையையும், தனக்கு முற்பட்ட பதிவின் அடையாளத்தையும், ஒரு விளக்கக் குறிப்பையும் தன்னகத்தே கொள்ளும். இவை அனைத்தினின்றும் கணக்கிட்ட 40 குறியுடைய முத்திரை எண்ணே பதிவின் பெயராகும். முற்பட்ட பதிவின் முத்திரை பிற்பட்டதன் உள்ளே அடங்குதலின், பழைய பதிவொன்றில் ஓரெழுத்தை மாற்றினும் அதற்குப் பின்வந்த பதிவுகளின் பெயர்கள் யாவும் மாறிவிடும். இடையே ஓரேட்டைச் செருகிப் பழமை காட்டும் இடைச்செருகல் ஈண்டு எளிதன்று.

ஆயின், ‘கிட்டில் வரலாறு மாறாது’ என்பார் கூற்று முற்றும் பொருந்துவதன்று. கடைசிப் பதிவைத் திருத்தவும், பதிவு வரிசையை மாற்றியமைக்கவும், அங்ஙனம் மாற்றியதைத் தொலைக் களஞ்சியத்தில் வலிந்து ஏற்றவும் கிட்டே ஆணைகள் தருகின்றது. மாறிய வரலாறு புதிய முத்திரைகளைப் பெறுமாதலின், பழைய படியைக் கையில் வைத்திருப்போர்க்கு மாற்றம் புலனாகும்; பழைய படி எவரிடத்தும் இல்லையெனின் புலனாகாது. முத்திரை எண்ணும் குறையற்றதன்று. 2017 ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தாரும் கூகிள் ஆய்வாளரும், கிட் மேற்கொண்ட ‘ஷா-1’ கணக்கீட்டில் ஒரே முத்திரையுடைய இருவேறு கோப்புகளை ஆக்கிக் காட்டினர். அத்தகைய புனைவைக் கண்டறியும் கணக்கீட்டைக் கிட் அவ்வாண்டிலேயே மேற்கொண்டது. ஆகவே வரலாற்றின் உறுதி கருவியில் மட்டும் இல்லை. படிகள் பலவாதலிலும், அவற்றை வைத்திருப்போர் விழிப்பிலும் உள்ளது என்பது தெளிவு.

4. தமிழ்ப் பாடத்திற்கு இக்கருவி பொருந்துமாறு

நிரலுக்கென இயற்றிய கருவி நூற்பாடத்திற்கு எவ்வளவிற் பொருந்தும் என்பது தமிழ் ஆராய்வார் கேட்கவேண்டிய வினாவாம். கிட் இரு வடிவங்களை ஒப்பிட்டுக் காட்டுங்கால் வரியையே அலகாகக் கொள்கின்றது. செய்யுள் அடியடியாக எழுதப்படுதலின் இவ்வலகு அதற்கு இயல்பாகவே இயைகின்றது. உரைநடையிலோ ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக அமைவதுண்டு; அதன்கண் ஒரு சொல் மாறினும் பத்தி முழுவதும் மாறியதாகவே தோன்றும். வாக்கியத்திற்கு ஒரு வரியாக எழுதியோ, சொல்வழி ஒப்பீட்டை வேண்டிப் பெற்றோ இக்குறையை நீக்கிக்கொள்ளலாம்.

இதனினும் நுண்ணியதொரு குறை எழுத்துக் குறியீட்டில் உள்ளது. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் அவற்றை நிகரெனவே கொள்ளும். கிட்டோ கோப்பின் உள்ளீட்டை அவ்வாறு நிகர்செய்து பார்ப்பதில்லை. இருவர் வெவ்வேறு விசைப்பலகை முறைகளால் ஒரே பாட்டைத் தட்டெழுதின், எழுத்தளவும் வேறுபாடில்லாத அடிகளைப் பாடவேறுபாடு உடையன எனக் கருவி காட்டக்கூடும். தொகுதியிற் சேர்ப்பதற்கு முன் கோப்புகள் அனைத்தையும் ஒரே குறியீட்டு முறைக்குக் கொணர்தல் இதனாற் கட்டாயமாகின்றது.

மூன்றாவது குறை கருவியினது அன்று; ஆளுவோரது. எது மாறிற்று, எப்பொழுது மாறிற்று என்பவற்றைக் கிட் தானே பதியும்; ஏன் மாறிற்று என்பதை எழுதுவோனே உரைத்தல் வேண்டும். ‘திருத்தம்’ என்று மட்டும் குறிப்பெழுதிச் செல்வோர் பலர். இஃது, ‘இவ்வாறும் பாடம்’ எனக் கூறி, எப்பிரதியிற் கண்டது எனக் கூறாது விடுதல் போல்வதாம். எப்பிரதியைக் கொண்டு, எக்காரணம் பற்றி ஒரு பாடம் ஏற்கப்பட்டது என்று பதிவுதோறும் இரண்டு வாக்கியம் எழுதுவோன், பிற்கால ஆராய்ச்சியாளர்க்குப் பெருங்கொடையாளன் ஆவான்.

5. வாயிற் சாவி

தம் கணினியில் உள்ள களஞ்சியத்தைப் பிறரோடு பகிரவேண்டின், தொலைவில் உள்ள கணினியொன்றில் அதன் படியை வைத்தல் வழக்கம். ‘கிட் புஷ்’ ஆணையால் அங்கு ஏற்றலாம். ‘கிட் புல்’ ஆணையாற் பிறர் பதிவுகளை அங்கிருந்து பெறலாம். அவ்வாயிலிற் புகுவான் உரியவனா என அறியும் முறையே ஈண்டு ஆராய்தற்குரியது.

கடவுச்சொல்லை வலைவழியே அனுப்பும் முறை இடர் மிகுந்தது. பின்லாந்து நாட்டு ஹெல்சின்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யெலோனன் 1995 ஆம் ஆண்டில் ‘எஸ்.எஸ்.எச்.’ என்னும் காப்பு முறையை இயற்றினார். ‘ஓப்பன்பி.எஸ்.டி.’ குழுவினர் 1999 இல் வெளியிட்ட ‘ஓப்பன் எஸ்.எஸ்.எச்.’ இன்று பரவலாக வழங்குகின்றது. இதன் அடிப்படை, 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் வெளியிட்ட பொதுச்சாவிக் கொள்கையாம்.

‘எஸ்.எஸ்.எச். கீஜென்’ என்னும் ஆணை ஓரிணைச் சாவிகளை ஆக்கித் தரும். ஒன்று பொதுச் சாவி. அதனை எவர்க்கும் கொடுக்கலாம். தொலைக் கணினியிற் பதிந்து வைத்தற்குரியது அதுவே. மற்றொன்று தனிச் சாவி. அது தன் கணினியை விட்டு வெளிப்போதல் கூடாது. புகுங்காலத்து, அவ்வமர்வுக்கே உரிய செய்தியொன்றின்மேல் தனிச் சாவியால் ஒப்பம் இடப்படும். தொலைக் கணினி பொதுச் சாவியைக் கொண்டு அவ்வொப்பத்தைச் சரிபார்க்கும். மறைபொருள் வலைவழியே செல்வதே இல்லை. ‘கிட்ஹப்’ நிறுவனம் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியதும், சாவியோ அணுக்கச் சீட்டோ வேண்டுமென விதித்ததும் இதன் வழிவந்த மாற்றமாம்.

‘கடவுச்சொல்லற்ற அணுக்கம்’ என்னும் பெயர் கற்போரை வழுவச் செய்வதொன்று. மறைபொருள் வேண்டா என்பதன்று அதன் கருத்து. மறைபொருள் சொல்லாக இராது கோப்பாக இருக்கின்றது என்பதே. அக்கோப்பைப் பூட்டுதற்குக் கடவுத்தொடர் ஒன்று இடலாம். வழிகாட்டிகள் சில, அதனை வெறுமையாக விட்டுச் செல்லுமாறு கூறுவது எளிமை கருதிப் போலும். அங்ஙனம் விடின், கணினியைக் கவர்ந்தவன் களஞ்சியத்தையும் கவர்ந்தவனாவான். கடவுத்தொடரை ஒருமுறை பெற்று, அவ்வமர்வு முழுவதும் சாவியை நினைவில் வைக்கும் ‘ஏஜெண்ட்’ என்னும் துணைநிரல் இருத்தலின், பூட்டியும் எளிமை பெறலாம். பாதுகாப்பும் எளிமையும் ஈண்டு முரணுவன அல்ல.

வாயிலோன் நம்மை அறிதல் போல நாமும் வாயிலை அறிதல் வேண்டும். முதன்முறை இணைக்குங்கால் தொலைக் கணினியின் சாவிக் கைரேகை திரையில் தோன்றும். அந்நிறுவனம் வெளியிட்ட கைரேகையோடு அதனை ஒப்பிட்ட பின்னரே ‘ஆம்’ என விடையிறுத்தல் முறை. ஒப்பிடாது ‘ஆம்’ என்பார் மிகப் பலர். சுவடியின் தலைப்பை நோக்காது சுவடியை வாங்குவாரோடு இவரை ஒப்பிடலாம்.

ஈண்டுப் பதிவும் சாவியும் ஒன்றையொன்று தாக்குமிடம் ஒன்றுண்டு. கிட் எதனையும் எளிதில் மறவாது. தனிச் சாவியைத் தவறிப் பதிந்தவன், அடுத்த பதிவில் அக்கோப்பை நீக்கினும், முந்தைய பதிவில் அது நிலைத்தே இருக்கும். பொதுவில் வெளிப்பட்ட சாவியைக் கைவிட்டுப் புதியதொன்றை ஆக்குதலே தக்கது. 2023 மார்ச் திங்களில், கிட்ஹப் நிறுவனத்தின் ஆர்.எஸ்.ஏ. வகை வாயிற் சாவியே பொதுக் களஞ்சியமொன்றிற் சிறிது நேரம் வெளிப்பட்டமையால், அந்நிறுவனம் அதனை மாற்ற நேர்ந்தது. மறவாமையே இக்கருவியின் குணம். காவாதார்க்கு அதுவே குற்றமாகின்றது.

6. பெயரும் சாவியும் வேறு

இனி, முற்கூறிய மயக்கத்தை ஆராய்வாம். கிட் பதிவொவ்வொன்றிலும் ஆசிரியன் பெயர், பதிந்தோன் பெயர் என இரு பெயர்கள் இடம்பெறும். ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் களஞ்சியத்திற் சேர்க்கக் கூடுமாதலின் இப்பாகுபாடு வேண்டப்பட்டது. நூல் செய்தோனையும் ஏடெழுதினோனையும் வேறுபடுத்திய நம் மரபினர்க்கு இது புதிதன்று, பாராட்டத்தக்க நுண்மையே.

ஆயின் அப்பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? பயன்படுத்துவோன் தன் கணினியில் முதல் நாள் தட்டெழுதி வைத்த பெயரும் மின்னஞ்சலுமே அவை. கிட் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. ஒருவன் தன் ஆசிரியர் பெயரை அங்கு இட்டுப் பதியின், பதிவு ஆசிரியர் பெயராலேயே நிற்கும். சாவியோ, இன்ன கணக்கிற்குரியோன் வாயிலிற் புகுந்தான் என்பதனையே உணர்த்தும். அவன் கொணர்ந்த ஓலைக்கட்டில் உள்ள ஒவ்வோர் ஓலையையும் எழுதினோன் யார் என்பதனை உணர்த்தாது. சாவி வாயிலுக்குச் சான்று, பாடத்திற்குச் சான்றன்று.

ஏட்டிற் கண்ட பெயரை மெய்யென ஏற்பதனால் விளையும் வழுவைத் தமிழ் ஆராய்ச்சி தானே கண்டுள்ளது. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885 ஆம் ஆண்டில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையொடு வெளியிட்டார். அப்பதிப்பிற் பின்னியல்களாகிய மெய்ப்பாட்டியல் முதலியவற்றின் உரையும் அவர் பெயராலேயே நின்றது. அவ்வுரை பேராசிரியருடையது என்பதனைப் பின்னர் ரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழில் ஆராய்ந்து நிறுவினார். பிள்ளையவர்கள் சுவடியைக் காத்து அச்சேற்றிய பெருந்தொண்டர். அவர் வழுவினார் என்பது ஈண்டுக் கருத்தன்று. சுவடி கிடைத்த இடம் உண்மை, சுவடியும் உண்மை, அதன் பகுதியொன்றின்மேல் நின்ற பெயரே பொருந்தாதாயிற்று என்பதே கருதத்தக்கது. பெயரை நிறுவியது வாயிலன்று. உரையின் உள்ளே கிடந்த சான்றே.

இக்குறைக்குக் கருவியிலேயே ஓரளவு மருந்துண்டு. பதிவொவ்வொன்றின் மேலும் மறையொப்பம் இடும் வசதி கிட்டில் நெடுங்காலமாக உள்ளது. 2021 நவம்பரில் வெளிவந்த 2.34 ஆம் வடிவு முதல், வாயிலிற் பயன்படும் எஸ்.எஸ்.எச். சாவி வகையைக் கொண்டே அவ்வொப்பத்தை இடலாம். அதன் பின் பெயரும் சாவியும் ஓரளவு பிணைக்கப்படுகின்றன. ஓரளவு என்றது, சாவியின் உடைமை மெய்யாயினும், அச்சாவியுடையோனே அச்சொல்லைச் சிந்தித்தான் என்பதற்கு எவ்வொப்பமும் சான்றாகாமை பற்றி. அதனை ஆராய்வது ஆராய்ச்சியாளர் கடனாகவே எஞ்சி நிற்கின்றது.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான் பின்வருவன பெறப்படும். கிட் முறை, அழிந்துபோகும் இடைநிலைப் பாடங்களைக் காத்து, படிதோறும் முழு வரலாற்றையும் வைப்பதாற் பதிப்புப் பணிக்கு ஏற்புடைய கருவியே. ஆயினும் எழுத்துக் குறியீட்டு வேற்றுமையையும் பாட வேற்றுமையையும் பகுத்தறிய அது வல்லதன்று. திருத்தத்தின் காரணத்தை அது தானே உரையாது. எஸ்.எஸ்.எச். சாவி, கடவுச்சொல்லினும் சிறந்த வாயிற்காப்பு. ஆயின் அதனைப் பூட்டி வைத்தலும், எதிர்வாயிலின் கைரேகையை ஒப்பிடுதலும், பதிவினுட் புகாது காத்தலும் இன்றியமையாதன. சாவியால் திறந்த வாயிலும், பதிவில் நின்ற பெயரும் ஆசிரியத்துவத்தை நிறுவா.

ஆகவே இத்துறைக்கு வழிகாட்டி எழுதுவோர், பதிவைக் கற்பித்த பின், ‘இப்பெயர் நீயே இட்டுக்கொண்டது’ என்றும், சாவியைக் கற்பித்த பின், ‘இது வாயிலுக்கு மட்டுமே’ என்றும் இரண்டு வாக்கியம் சேர்ப்பாராக. தமிழ்த் துறைகளில் நூற்பாடங்களைக் கணினியிற் பதிப்பிக்க முற்படுவோர், பெயரும் பிரதியும் காரணமும் குறித்து வைத்த முன்னோர் முறையைப் பதிவுக் குறிப்பிலும் கைவிடாதிருப்பாராக. காரணமின்றிக் காத்து வைத்த ஆயிரம் திருத்தங்களினும், காரணத்தொடு காத்து வைத்த ஒரு திருத்தமே பின்வருவோர்க்குப் பயன்படும்.